ரமீஸின் மனைவி சமைத்தார் – சமைத்தது யார்?

போன புதன்கிழமை காலை மீன் சந்தையில் எனக்கு ஒரு பாராட்டுக் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்வதா, கைக்கு எட்டி நழுவிப்போனது என்று சொல்வதா... நீங்களே முடிவு செய்யுங்கள்.

பாரை மீனைத் துண்டுபோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டே மீன்காரர் சிரித்தார்.

"போன கிழமை பேப்பர்ல வந்தது சோக்கா இரிந்திச்சு. அந்தத் தண்ணி டாங்கிக் கதை. எங்கட ஊட்ட எல்லாரும் வாசிச்சுச் சிரிச்சாங்க."

எழுதுகிறவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? முகம் முழுக்கச் சிரிப்போடு "சந்தோசம்" என்றேன்.

"ஐயாவுக்குச் சொல்லுங்க. நல்லா எழுதுறாரு."

"எந்த ஐயாவுக்கு?"

"உங்கட ஐயாவுக்குத்தான். சங்கரன் ஐயா."

சங்கரன் ஐயா என்பவர் என் கணவர். வங்கியில் வேலை. கடையில் வாங்கவேண்டிய சாமான்களைத் துண்டில் எழுதச் சொன்னாலே மூன்றாவது சாமானோடு களைத்துப்போகிறவர்.

"நான்தான் எழுதுறனான்" என்றேன். "பேப்பர்ல என்ட படம்தானே போடுறாங்கள்? பார்க்கேல்லையா?"

"படம் உங்கடதான்" என்றார் அவர், சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல மிகப் பொறுமையாக. "எழுதுறது ஐயாதானே?"

பேனா பிடித்துக் காட்டவா? பக்கத்தில் நின்ற இரண்டு பேர் வேறு தலையாட்டினார்கள். பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொதித்தேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஓம், அவன் என்னட்டையும் சொன்னவன்" என்றார்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நன்றி எண்டு சொன்னனான்."

"நன்றியா?"

"பின்ன, சந்தைக்குள்ள நிண்டு விளக்கம் குடுக்கச் சொல்லுறீரா? மற்றது... அண்டைக்கு அவன் சூடை மீன் கொஞ்சம் கூடப் போட்டவன். நீரும் சாப்பிட்டனீர்தானே?"

ஆக, வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு நான் எழுத, அதற்குரிய சூடை மீன் சங்கரன் ஐயாவின் பையில் விழுகிறது. அதைப் பொரித்ததும் நான். ஆத்திரம் வருமா, வராதா?

இந்த ஊரில் எனக்குப் பெயர் இருக்கிறது என்பது என் பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்கும் இந்தப் பத்திரிகைக்கும் மட்டும்தான் தெரியும். கோயில் திருவிழாவுக்குக் காசு கேட்டு வருகிறவர்கள் "சங்கரன் சேர்ட மிஸிஸ் நிக்கிறாவோ?" என்கிறார்கள். கல்யாணக் கார்ட்டில் 'திரு. திருமதி சங்கரன்'. போன வருடம் பல் பிடுங்கப் போன இடத்தில்கூட நேர்ஸ் பிள்ளை வெளியே வந்து "பேங்க் சேர்ட வைஃப் வரலாம்" என்று கூப்பிட்டது. பல் என்னுடையது. வலி என்னுடையது. ஆனால் கதிரையில் போய் உட்கார்ந்தது பேங்க் சேரின் வைஃப்.

சரி, என் புலம்பல் உங்களுக்குப் புதிதல்ல. இன்றைக்கு நான் சொல்ல வந்தது பஸீலாவின் கதை. பஸீலாவும் அவருடைய கணவர் ரமீஸும் "எழுதுங்க மிஸ்" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு உட்துறைமுகப் பக்கம். சனிக்கிழமை பின்னேரங்களில் முன் ஹோலில் கதிரைகளைப் போட்டு, வளர்ந்தவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். துறைமுகத்தில் கப்பல் ஹோன் அடித்தால் பாடம் கொஞ்சம் நிற்கும். அது முடிந்ததும் நாங்கள் தொடர்வோம். அந்த வகுப்புக்குக் குறிஞ்சாக்கேணியிலிருந்து வருகிறவர் பஸீலா. நாற்பது வயதை எட்டிப் பிடிக்கிற வயது. கணவர் ரமீஸ் கிண்ணியாவில் ஓட்டோ ஓடுகிறார். வகுப்புக்குக் கொண்டுவந்து விட்டு, முடியும்வரை எங்கள் கேற்றடியில் ஓட்டோவுக்குள் நித்திரை கொள்வார்.

பஸீலாவின் தொழில் சமையல். கல்யாணம், பெயர்சூட்டு, பெருநாள் என்று எது வந்தாலும் சட்டி சட்டியாகச் சமைத்து அனுப்புவார். வளவில் நாலு தகரத்தை வைத்து ஒரு கொட்டில், அதுதான் குசினி. மாரி மழை தொடங்கினால் அடுப்புக்கு மேலே பொலித்தீனைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ஒருமுறை கல்யாண வலீமா விருந்துச் சோறு பாதி வெந்துகொண்டிருக்கும்போது கூரைத் தகரம் காற்றோடு போயிருக்கிறது. அழுதுகொண்டே கிளறினாராம்.

"ஒழுகாத கூரை, திறந்தாத் தண்ணி வாற பைப்பு" என்பார். "இது ரெண்டும் உள்ள ஒரு குசினியில நிண்டு சமைக்கணும் மிஸ். வேற ஒண்டும் எனக்கு வேணாம்."

அதற்குத்தான் ஆங்கிலம். நிலாவெளி ஹோட்டல்களில் சமையல் வேலை கிடைக்கவேண்டுமென்றால் கொஞ்சமாவது கதைக்கவேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அன்றைய பாடம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒருவருடைய பெயரை முன்னால் வைத்து, அதோடு ஒரு 'ஸ்' ஒட்டி, அவருக்கு உரியதைப் பின்னால் வைத்து, அந்த முழுக் கூட்டத்தையும் வாக்கியத்தின் எழுவாயாக நிறுத்தலாம். நாங்கள் பேசும்போது 'ட' ஒட்டுகிறோமே, அதே வேலைதான். டொக்டர்ட கார். கப்டன்ட நாய்.

"எத்தினை பேரையும் வரிசையில விடலாம்" என்றேன். துறைமுகம் முன்னால் கிடக்கிறது, உதாரணத்துக்கா பஞ்சம்? கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதினேன்: கப்பலின் கப்டனின் மனைவியின் நாய் குரைக்கிறது.

"சரி. குரைக்கிறது ஆர்? கப்பலா?"

சிரித்தார்கள்.

"கப்டனா? கப்டன்ட மனுசியா?"

"நாய் மிஸ்" என்றார் பஸீலா.

"அப்ப வினைச்சொல் ஆரைப் பார்த்து வரவேணும்?"

"நாயப் பாத்து."

அவ்வளவுதான் பாடம். ஒரு நாய் என்றால் வினை ஒருமை, இரண்டு நாய் என்றால் பன்மை. முன்னால் நிற்கிற கப்டன் தோளில் எத்தனை பட்டி குத்தியிருந்தாலும் வினைச்சொல் அவரை ஏறெடுத்தும் பார்க்காது. கடைசியில் நிற்கிறவர்தான் தலை. வேலை செய்கிறவரும் அவர்தான். மற்றவர்களெல்லாம் அவர் யாருடைய ஆள் என்று காட்ட முன்னால் நிற்கிறவர்கள். எனக்கு இந்த விதியில் ஒரு தனிச் சந்தோசம்... ஏன் என்று உங்களுக்கு விளங்கும்.

பஸீலா ஒரு பிழையும் விடவில்லை. எத்தனை பெயரை அடுக்கிக் கொடுத்தாலும் வினைச்சொல்லைச் சரியான இடத்தில் கொண்டுபோய் வைத்தார். கெட்டிக்காரி.

அடுத்ததாக, "இப்ப ஹோட்டல் மனேஜர் உங்களைப் பற்றிக் கேட்கிறார் எண்டு வைப்பம். இங்கிலீசில சொல்லுங்கோ பார்ப்பம்" என்றேன்.

பஸீலா எழுந்து நின்று சால்வையைச் சரிசெய்தார். தெளிவாகச் சொன்னார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

"ரமீஸின் மனைவி குறிஞ்சாக்கேணியிலிருந்து வருகிறார். ரமீஸின் மனைவி நன்றாகச் சமைப்பார். ரமீஸின் மனைவியின் நண்டுக் கறி மிகவும் பிரபலம்."

உட்கார்ந்துவிட்டார்.

இலக்கணப் பிழை? தேடினாலும் கிடைக்காது! ஒருமை சரி, வினை சரி, ஒட்டவேண்டிய 'ஸ்' எல்லாம் ஒட்டியிருக்கிறது. நான் தலையில் கைவைத்துக்கொண்டேன்.

"பஸீலா, இதில நீங்கள் எங்க?"

"நான்தானே மிஸ் ரமீஸ்ட பொஞ்சாதி?"

"அது தெரியும். 'நான்' எண்டு ஒரு சொல் இருக்குத்தானே? 'நான் பஸீலா. நான் சமைப்பன்.' அப்பிடிச் சொன்னால் என்ன?"

பஸீலா கரும்பலகையைக் காட்டினார். "மிஸ், நாய்தான் குரைக்கிது. சரி. ஆனா கப்டன்ட நாய் எண்டு சொல்லாட்டி அந்த நாய ஆரு கணக்கெடுக்கப் போறாங்க? பஸீலா எண்டு சொன்னா எங்கட ஊர்ல ஆருக்குத் தெரியும்? ரமீஸ்ட பொஞ்சாதி எண்டாத்தான் கேற்றத் திறப்பாங்க."

கேட்டீர்களா? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர்மேல் அல்ல, அவர் சொன்னது உண்மையாக இருந்ததால். பேங்க் சேரின் வைஃப் என்றுதானே எனக்கும் அந்தப் பல் டொக்டர் கிட்டடித் திகதி தந்தார்?

இந்தக் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ரமீஸ் கெட்ட மனிதரில்லை. குரல் உயர்த்தமாட்டார். நேரம் போனால் மனைவிக்குத் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்து கேற்றடியில் நிற்பார். ஆனால் மனைவியின் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே கிடையாது. "ஊட்ட கேட்டுச் சொல்றன்", "ஊட்ட சமைக்கிறாங்க" – எல்லாம் ஊடுதான், வீட்டைத்தான் அப்படிச் சொல்வார். ஒருநாள் பஸீலா அவருக்கு கோல் எடுத்தபோது ஓட்டோவுக்குள் கிடந்த போன் அடித்தது. திரையில் என்ன பெயர் தெரிந்தது என்று நினைக்கிறீர்கள்? 'ஊடு'.

"தம்பி, பஸீலா எண்டு போட்டால் என்ன?" என்று கேட்டேவிட்டேன்.

ரமீஸ் பதறிப்போனார். "ஐயோ மிஸ், போன ஸ்டாண்டில வச்சிட்டுப் போவன். பொடியன்மார் பாப்பாங்க. பொம்புளைட பேர வெளியில போடுறது மரியாதையில்லையே."

மரியாதை! வீடு என்று கூப்பிட்டால் மரியாதை, பெயரைச் சொன்னால் மரியாதை இல்லை. சண்டை பிடிக்கவும் முடியவில்லை. மனிதர் உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார். எங்கள் வீட்டிலும் என்ன வாழ்கிறது? என் கணவரை நான் "இஞ்சாருங்கோ" என்றுதான் கூப்பிடுகிறேன், அவர் என்னை "இஞ்சாரும்" என்கிறார். அதோடு எங்கள் கதை முடிந்தது.

போன மாதம் நடந்தது இது. நகரத்தில் ஒரு கல்யாண வீடு. நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் மனேஜரும் விருந்துக்கு வந்திருக்கிறார். கண்டிப் பக்கத்து இளைஞர், தமிழ் அரைகுறை. பஸீலாவின் நண்டுக் கறியைச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, கேட்டிருக்கிறார்: "இது யாருடைய சமையல்?"

கல்யாண வீட்டுக்காரர் என்ன சொல்லியிருப்பார்? வேறென்ன... "ரமீஸ்ட சமையல்."

பரிமாறினவரும் அதையே சொல்லியிருக்கிறார். சட்டி கழுவினவரும் அதையே. ஊருக்கே அது ரமீஸின் சாப்பாடுதானே! ஓடர் போவது ரமீஸின் போனுக்கு. சட்டி வந்து இறங்குவது ரமீஸின் ஓட்டோவில். பொய் என்று ஒருவரையும் பிடிக்க ஏலாது. ஒவ்வொருவரும் தங்கள் மரியாதைப்படி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

மனேஜர் ரமீஸுக்கு கோல் எடுத்தார். சீசன் முழுக்க ஹோட்டலுக்கு ஒரு சமையல் ஆள் தேவை, திங்கட்கிழமை வந்து ஒரு நேரம் சமைத்துக் காட்டவேண்டும் என்றார். ரமீஸ் "யெஸ் சேர், யெஸ் சேர்" என்றார். அவரைப் பொறுத்தவரை கேட்டது ஊட்டு ஆளைத்தான். இதில் கேட்க என்ன இருக்கிறது?

"நீங்களும் வாங்க மிஸ்" என்று பஸீலா கெஞ்சினார். "கேக்கிறது விளங்காட்டி..." போனேன். சட்டி, அகப்பை, அரைத்த மசாலாக் கூட்டு, ஈரச் சாக்கில் நண்டு, முருங்கை இலைக் கட்டு – இவற்றுக்கு நடுவில் நானும் பஸீலாவும் ஓட்டோவின் பின் சீற்றில். வழி முழுக்க ஒரு நண்டு என் காலைத் தேடிக்கொண்டிருந்தது. பஸீலா வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். 'நான் பஸீலா, நான் சமைப்பன்' என்று பழகுகிறாரா, ஓதுகிறாரா என்று கேட்கவில்லை.

ஹோட்டல் வாசலில் மனேஜர் நின்றார். ஓட்டோ நின்றதும் ஓடிவந்து ரமீஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வெல்கம், செஃப்!"

எனக்குப் பொறி தட்டியது. ரமீஸுக்குத் தட்டவில்லை. "யெஸ் சேர்" என்றார். மனேஜர் ஒரு வெள்ளைக் கோட்டைக் கொண்டுவந்து அவருக்குப் போட்டுவிட்டார். தலையில் உயரமான வெள்ளைத் தொப்பி. ரமீஸ் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "சேர், மை ஹவுஸ்..." என்று தொடங்கினார்.

மனேஜர் மகிழ்ந்துபோனார். வீட்டுச் சமையல்தான் வேண்டும், வெள்ளைக்காரர் கேட்பதே அதைத்தான் என்று அவர் தோளில் தட்டி உள்ளே கூட்டிக்கொண்டு போனார். பையன்கள் சட்டியையும் நண்டையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். எங்கள் இருவருக்கும் மிக மரியாதையாக இரண்டு கதிரைகளும் இளநீரும் கிடைத்தன.

குசினிக்கும் எங்களுக்கும் நடுவில் பெரிய கண்ணாடி. சமைப்பதை விருந்தாளிகள் பார்க்கவேண்டுமாம். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஒழுகாத கூரை. வரிசையாகப் பைப்புகள். ஒரு பையன் ஒன்றைத் திறக்க, தண்ணீர் கொட்டியது. அந்தத் தண்ணீரைப் பஸீலா பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

அந்தக் குசினிக்குள் வெள்ளைக் கோட்டோடு நிற்கிறார் ரமீஸ். முட்டை பொரித்தால் ஓட்டையும் சேர்த்துப் பொரிக்கிற மனிதர்.

"பஸீலா, எழும்புங்கோ. போய்ச் சொல்லுங்கோ!"

"அவர் சொல்லுவாரு மிஸ்."

"எப்ப சொல்லுவார்? நண்டு வெந்த பிறகா?"

"சொல்லுவாரு..."

உள்ளே ரமீஸ் வெங்காயத்தை வெட்டத் தொடங்கியிருந்தார். வெட்டினார் என்று எழுதக் கை கூசுகிறது. மனேஜர் கைகட்டிக்கொண்டு பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்கள் இருங்கோ. நான் போய் அந்தாளுக்கு விளங்கப்படுத்திப்போட்டு வாறன்" என்று எழுந்தேன். பஸீலா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சமையல்காரப் பிடி, எலும்பு நொந்தது.

"வேணாம் மிஸ். நீங்க போய்ச் சொன்னா நாளைக்கு நான் 'மிஸ்ட ஆள்' ஆகிருவன்."

இருந்துவிட்டேன். வேறென்ன செய்ய? நான்தானே வரிசையில் முன்னால் நிற்கிறவருக்கும் கடைசியில் நிற்கிறவருக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுத்தவள். இப்போது நானே ஓடிப்போய் அவருக்கு முன்னால் நிற்கப் பார்த்தேன். எரிச்சலோடு இளநீரைக் குடித்தேன்.

அப்போதுதான் அந்த மணம் வந்தது. கண்ணாடிக்குப் பக்கத்துக் கதவு திறந்து மூடியபோது... எண்ணெயில் கூட்டு கருகத் தொடங்குகிற மணம். எனக்கே தெரிந்தது என்றால் பஸீலாவுக்குக் கேட்கவேண்டுமா? அது அவர் முதல்நாள் முழுக்க இருந்து வறுத்து அரைத்த கூட்டு. மூக்கு விரிந்தது. கை கதிரைப் பிடியை இறுக்கியது. அடுத்த முறை நான் திரும்பிப் பார்க்கும்போது கதிரையில் ஆள் இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு போனவர் நேராக அடுப்படிக்குப் போனார். ரமீஸின் கையிலிருந்து அகப்பையைப் பறித்தார். தீயைக் குறைத்தார். கருகினதை ஒரு வீச்சில் வழித்துக் கொட்டிவிட்டு, சட்டியைப் பைப்பில் கழுவி, மீதிக் கூட்டோடு முதலிலிருந்து தொடங்கினார். நானும் பின்னால் ஓடிப்போய்க் கதவடியில் நின்றேன்.

மனேஜர் திடுக்கிட்டுப்போனார். மேடம், இங்கே ஸ்டாஃப் மட்டும்தான் என்றார் ஆங்கிலத்தில். பஸீலா திரும்பவில்லை. மனேஜர் ரமீஸைக் கேட்டார்: "ஹூ இஸ் திஸ் லேடி?"

ரமீஸ் வாயைத் திறந்தார். மூடினார். சுற்றிவரப் பையன்கள், எல்லாரும் பார்க்கிறார்கள். ஊட்டு ஆளை இத்தனை ஆண்களுக்கு நடுவில் என்ன சொல்லிக் காட்டுவது? மறுபடி திறந்தார்.

பஸீலா நண்டைப் புரட்டிக்கொண்டே, அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஐ ஆம் பஸீலா. ஐ குக்."

அவ்வளவுதான். யாருடைய ஆளும் இல்லை, 'ஸ்' இல்லை, 'ட' இல்லை. இத்தனை சனிக்கிழமை நான் தொண்டை கிழியக் கத்தியும் வராத வாக்கியம், கொஞ்சம் கூட்டு கருகினதும் வந்துவிட்டது!

மனேஜர் பஸீலாவைப் பார்த்தார். கோட்டுப் போட்ட ரமீஸைப் பார்த்தார். பிறகு, பாவம், மிகவும் குழம்பிப்போய்க் கேட்டார்: அப்படியென்றால் நீங்கள் யார்?

ரமீஸ் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். வியர்த்துக் கொட்டியது. என்னைப் பார்த்தார். பஸீலாவின் முதுகைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"பஸீலாஸ்... பஸீலாஸ் ஹஸ்பண்ட்."

அகப்பை அப்படியே நின்றது. பஸீலா திரும்பி அவரைப் பார்த்தார். கல்யாணம் முடித்து இத்தனை காலத்தில் அந்த மனிதர் நாலு பேருக்கு முன்னால் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தரம் என்று பிறகுதான் எனக்குச் சொன்னார். என்ன கோபத்தோடு நான் அங்கே நின்றேனோ தெரியாது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம்தான் காரணம் என்று சொல்லலாம். இல்லை. எனக்கு உண்மையாகவே சந்தோசமாக இருந்தது.

"தேங்காப்பால எடுங்க" என்றார் பஸீலா. ரமீஸ் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தார்.

மனேஜர் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார். சீசன் முடியும்வரை வேலை, நாளைக்கே தொடங்கலாம், அதற்குப் பிறகும் பார்ப்போம் என்றார் – இந்தமுறை சரியான ஆளைப் பார்த்து. கோட் பஸீலாவுக்குப் பெரிது. கையை மடித்து விட்டுக்கொண்டார். போகும்போது ஒருமுறை பைப்பைத் திறந்து, தண்ணீரில் கைவைத்துப் பார்த்துவிட்டு, மூடினார்.

இதோடு பத்தி முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். பெயர் கிடைத்துவிட்டது, குசினி கிடைத்துவிட்டது, சுபம். ஆனால் எங்கள் ஊர் அப்படி விட்டுவிடுமா?

குறிஞ்சாக்கேணியில் இப்போது பஸீலா 'ரமீஸ்ட பொஞ்சாதி' இல்லை. பின்னே பஸீலாவா? அதெப்படி! 'ஹோட்டல்ட கோக்கி', அதாவது ஹோட்டலின் சமையல்காரி. காலையில் அவர் வேலைக்குப் போகும்போது "அந்தா ஹோட்டல்ட கோக்கி போறா" என்கிறார்களாம். ஒருவர் முன்னாலிருந்து இறங்கினால் இன்னொருவரைக் கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். எழுதும்போதே எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறுகிறது.

போன சனிக்கிழமை பின்னேரம் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, வழமையாகக் கேற்றடியில் நித்திரை கொள்கிற ரமீஸ் விறுவிறுவென்று ஹோலுக்குள் வந்தார். இவ்வளவு காலத்தில் முதல் தடவை. கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது.

"மிஸ், இது சரியா எண்டு நீங்களே சொல்லுங்க. ஸ்டாண்டில பொடியன்மார் என்னய என்னெண்டு கூப்பிடுறாங்க தெரியுமா? 'கோக்கிட மாப்புள.' ஹயர் கேட்டு வாறவங்களும் 'கோக்கிட மாப்புளட ஓட்டோ எங்க?' எண்டுதான் கேக்கிறாங்க. இண்டைக்குப் பள்ளிவாசல்ல ஒரு ஹாஜியார், மதிப்பான ஆள், அவரும் என்னப் பாத்து 'கோக்கிட மாப்புளதானே?' எண்டு கேட்டுட்டாரு. ரமீஸ் எண்டு எனக்கு ஒரு பேர் இரிக்கிதானே மிஸ்? வாப்பா வச்ச பேரு! அத ஒருத்தராவது சொல்லுறாங்களா?"

மனிதர் உண்மையாகவே நொந்துபோயிருந்தார். கண்கூடக் கொஞ்சம் கலங்கியிருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிடும் என்ற பயத்தில் மூடிக்கொண்டேன்.

பஸீலா எனக்குக் கொண்டுவந்த வட்டிலப்பத்தைப் பாத்திரம் மாற்றிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"பழகிரும்" என்றார்.